புது மென்பொருள் வேண்டாம், இருப்பதற்கே துணை சேருங்கள்: லினக்ஸ் மின்ட் வழிகாட்டி

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அவருடைய மடிக்கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழசு. லோயாட் பிளாசா கணினிக் கடைகளில் இரண்டு மாடி ஏறி இறங்கிப் புதுசுக்கு விலை கேட்டோம். கடைசியில் தே தாரிக் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினோம். அந்த வாரக் கடைசியில் அதே பழைய கணினியில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22-ஐ, சினமன் என்ற மேசைத்தளம் கொண்ட பதிப்பாகப் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் அழைப்பு வந்தது. "தம்பி, புள்ளைங்க போட்டோவ சின்னதாக்கி அனுப்பணும், இதுல அதுக்கு ஒண்ணுமே இல்லையே. ஐபோன்ல எடுத்தது தொறக்கவே மாட்டேங்குது. தமிழ்ல தட்டுனா எழுத்து கோணலா வருது."

முன்பெல்லாம் இப்படி மூன்று குறை வந்தால் மூன்று புது மென்பொருள் போடுவேன். என் கணினியிலேயே ஒரு காலத்தில் நான்கு படக்காட்டி, மூன்று பாட்டுப் பெட்டி இருந்தன. எதில் எது செய்யும் என்று எனக்கே நினைவிருக்காது. இந்த முறை அக்காவின் மெனுவில் ஒரு புது நிரல்கூடக் கூடவில்லை. ஏற்கெனவே இருந்த நிரல்களுக்குச் சின்னச் சின்ன துணைப் பொதிகளை (நிறுவுவதற்காகக் கட்டிவைத்த மென்பொருள் மூட்டைகளை) மட்டும் சேர்த்தேன். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே.

கட்டளை தட்டும் கறுப்புச் சாளரமான டெர்மினலைத் திறக்கப் போவதில்லை. கட்டளை தட்டினால் வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் ஒரு பொதிக்குப் பக்கத்தில் வேறு என்னென்ன இருக்கிறது என்று மேய்ந்து பார்க்க சினாப்டிக் என்ற வரைகலைக் கருவிதான் வசதி. பொதிப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தேடும்போது ஆங்கில எழுத்தில், எல்லாம் சிறிய எழுத்தாகத் தட்டுங்கள். பெயருக்கு நடுவில் வரும் சிறு கோட்டையும் விடாதீர்கள்.

ரொட்டி சானாய் கணக்கு

மின்ட், இன்னொரு லினக்ஸான உபுண்டு, இரண்டுக்கும் அடித்தளம் டெபியன் என்ற மூத்த லினக்ஸ். டெபியன் உலகில் ஒவ்வொரு பொதியும் தனக்கு வேண்டிய மற்ற பொதிகளைத் தரம் பிரித்துச் சொல்லிவிடும். மாமாக் கடையில் (இங்குள்ள இந்திய முஸ்லிம் உணவுக்கடை) ரொட்டி சானாய் கேட்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மாவும் எண்ணெயும் இல்லாமல் ரொட்டியே இல்லை, அது 'டிபெண்ட்ஸ்'. பருப்புக் குழம்பு கேட்காமலே கூட வரும், வேண்டாம் என்றும் சொல்லலாம், அது 'ரெகமெண்ட்ஸ்'. முட்டையும் சம்பலும் நீங்களாக வாய் திறந்து கேட்டால்தான், அது 'சஜெஸ்ட்ஸ்'.

நம் தேட்டம் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. நிரலை எழுதியவர்களுக்கும் அதைப் பொதியாகக் கட்டியவர்களுக்கும் அதனோடு எது சேரும் என்று தெரியும். ஆனால் எல்லாருக்கும் தேவைப்படாது என்பதால் தானாக நிறுவுவதில்லை. இன்னொரு வழியும் உண்டு: துணைப் பொதியே 'நான் இன்ன நிரலை மேம்படுத்துவேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்கு 'என்ஹான்ஸஸ்' என்று தனி வரி இருக்கிறது. அதனால் நிரலின் பக்கத்தில் மட்டும் பார்த்தால் போதாது, நிரலின் பெயரைப் போட்டும் தேட வேண்டும்.

முதலில் பாதுகாப்பு

கணினி அமைப்பைப் பிரதியெடுத்து வைக்கும் டைம்ஷிஃப்ட் என்ற நிரல் மின்ட்டோடு வருகிறது. திறந்து, 'ஆர்சிங்க்' முறையைத் தேர்ந்து, 'கிரியேட்' பொத்தானை அழுத்தி ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். முதல் பிரதிக்கு நேரமும் இடமும் பிடிக்கும். அடுத்து வருபவை மாறிய கோப்புகளை மட்டுமே புதிதாக எடுக்கும். ஒன்று மறக்க வேண்டாம்: இது கணினியின் அமைப்பைக் காப்பதற்கு. உங்கள் படங்களும் பாடத் தாள்களும் வழக்கமான அமைப்பில் இதில் சேராது. அவற்றைத் தனியாக வெளி வட்டில் நகலெடுங்கள்.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், ஒரு தீபாவளிக்கு முந்தின இரவு ஏதோ ஒரு துணையை நீக்கப் போய், எழுந்த எச்சரிக்கையைப் படிக்காமல் 'சரி' அழுத்திவிட்டேன். மறுபடி கணினியைத் திறந்தபோது கீழ்ப்பட்டை இல்லை, மெனு இல்லை. அப்போது என்னிடம் டைம்ஷிஃப்ட் பிரதியும் இல்லை. முறுக்கு பிழிய வேண்டிய நேரத்தில் மின்ட்டை மறுபடி நிறுவிக்கொண்டிருந்தேன்.

அடுத்து 'அப்டேட் மேனேஜர்' காட்டும் புதுப்பிப்புகளை முடித்துவிடுங்கள். பாதி பழசும் பாதி புதுசுமாக இருக்கும் கணினியில் துணைப் பொதி சேர்த்தால் பதிப்பு மோதும். தரவிறக்கம் மந்தமாக இருந்தால் 'சாஃப்ட்வேர் சோர்ஸஸ்' திறந்து, 'மெயின்' என்ற வரியைச் சொடுக்குங்கள். உலகெங்கும் உள்ள பிரதித் தளங்களின் வேகத்தை அதுவே சோதித்து வரிசைப்படுத்திக் காட்டும். வேகமானதைத் தேர்ந்து கொள்ளலாம்; பக்கத்து நாடு பெரும்பாலும் நல்லது.

சினாப்டிக்கைப் படிக்கும் விதம்

மின்ட்டில் 'சாஃப்ட்வேர் மேனேஜர்' அழகான கடை. நட்சத்திரம், விமர்சனம் எல்லாம் உண்டு. நம் வேலைக்கு அது சரிப்படாது. சின்னத் துணைகள் அங்கே கூட்டத்தில் காணாமல் போகும். சினாப்டிக் கிடங்கு மாதிரி. அழகில்லை, ஆனால் எல்லாச் சாமானும் பெயரோடு அடுக்கியிருக்கும். மெனுவில் தட்டித் திறந்து, கடவுச்சொல்லைக் கொடுங்கள். முதலில் 'ரீலோட்' பொத்தானை அழுத்துங்கள்.

'சர்ச்' அழுத்தி, கீழே 'லுக் இன்' என்ற இடத்தில் 'நேம்' என்று மாற்றிக்கொண்டு, நெமோ என்று தேடிப் பாருங்கள். நெமோதான் சினமனின் கோப்பு மேலாளர். பட்டியலில் பச்சைப் பெட்டி என்றால் அந்தப் பொதி ஏற்கெனவே உள்ளது. வெள்ளைப் பெட்டி என்றால் இன்னும் இல்லை. ஒரு பொதியின் மீது வலது சொடுக்கு போட்டால் 'மார்க் ஃபார் இன்ஸ்டலேஷன்' வரும். அதே மெனுவில் 'மார்க் ரெகமெண்டட்', 'மார்க் சஜெஸ்டட்' என்று இரண்டு கிளைப் பட்டியல்கள் இருக்கும். அதாவது மாமாக் கடைக்காரர் முட்டையும் சம்பலும் என்னென்ன உண்டு என்று சொல்லும் இடம். நிறுவிய பொதிக்கும் அது வேலை செய்யும். ஆவணம் எழுதும் லிப்ரேஆஃபிஸ் ரைட்டர், பாட்டுக் கேட்கும் ரிதம்பாக்ஸ் என்று நீங்கள் தினம் திறக்கும் ஒவ்வொரு நிரலையும் இப்படி ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

குறியிட்டதும் இன்னும் சில பொதிகள் தேவை என்று ஒரு பெட்டி எழும். சேர்ப்பவை மட்டும் இருந்தால் 'மார்க்'. அதில் 'நீக்கப்படும்' என்று ஒரு வரி இருந்தால் கையை எடுத்துவிட்டுப் படியுங்கள். கடைசியில் 'அப்ளை' அழுத்தினால்தான் எதுவும் நடக்கும். அதுவரை எல்லாம் வெறும் குறிப்பு.

நெமோ: அதிகப் பலன் இங்கேதான்

அக்காவின் முதல் குறை இங்கேயே தீர்ந்தது. நெமோ-இமேஜ்-கன்வர்ட்டர் என்ற பொதியைக் குறியிட்டு நிறுவினேன். வெளியேறி மறுபடி உள்நுழைந்ததும் (நெமோ துணைகளுக்கு இது அவசியம், சாளரத்தை மூடித் திறந்தால் போதாது), படங்களைத் தேர்ந்து வலது சொடுக்கு போட்டால் 'ரீசைஸ் இமேஜஸ்', 'ரொட்டேட் இமேஜஸ்' என்று இரண்டு புது வரிகள். நாற்பது விளையாட்டுப் போட்டிப் படங்களை மொத்தமாகத் தேர்ந்து ஒரே சொடுக்கில் சிறிதாக்கலாம். அங்கே ஒரு தேர்வு இருக்கும்: பெயருக்குப் பின்னால் 'ரீசைஸ்ட்' என்று ஒட்டிப் புதுக் கோப்பு உண்டாக்குவதா, இருக்கும் கோப்பையே மாற்றுவதா? முதலாவதையே வையுங்கள். இரண்டாவதைத் தேர்ந்தால் பெரிய மூலப் படம் போய்விடும், திரும்ப வராது.

அடுத்து நெமோ-ப்ரிவ்யூ. ஒரு கோப்பின் மேல் நின்று ஸ்பேஸ் விசையை அழுத்தினால், நிரல் எதுவும் திறக்காமல் படமோ பிடிஎஃப்போ பாட்டோ அப்படியே எட்டிப் பார்க்கலாம். மறுபடி அழுத்தினால் மூடும். அறுபது தேர்வுத் தாள்களில் ஒன்றைத் தேடுபவருக்கு இதன் அருமை தெரியும்.

எனக்குப் பிடித்தது நெமோ-கம்பேர். இது மெல்ட் என்ற ஒப்பீட்டு நிரலைத் துணைக்கு அழைக்கும், அதனால் மெல்டும் சேர்ந்து வரும். (சரி, மெனுவில் ஒரு நிரல் கூடுகிறது. அக்காவுக்கு இதைப் போடவில்லை, என் கணினியில் மட்டும்.) பென்டிரைவில் உள்ள அடைவையும் வீட்டுக் கணினியில் உள்ளதையும் தேர்ந்து 'கம்பேர்' கொடுத்தால், எந்தக் கோப்பு எங்கே புதியது, எங்கே இல்லை என்று பக்கத்தில் பக்கமாகக் காட்டும். பள்ளியில் திருத்தியதா வீட்டில் திருத்தியதா என்ற தலைவலிக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்க்கவில்லை.

பாட்டுக் கோப்பு நிறைய வைத்திருப்பவர்கள் நெமோ-மீடியா-காலம்ஸ் சேருங்கள். பட்டியல் காட்சியில் நெடுவரிசைத் தலைப்பின் மேல் வலது சொடுக்கு போட்டால் பாடகர், ஆல்பம் போன்ற விவரங்களைத் தனி வரிசைகளாக இழுக்கலாம். நெமோ-ஷேர் வீட்டு வலைப்பின்னலில் அடைவைப் பகிர உதவும். விண்டோஸ் கணினி உள்ள வீட்டில் பயன்படும், கடை வைஃபையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. நெமோ-டெர்மினலை நான் போட்டதில்லை. கோப்பு பார்க்கும் இடத்தில் கறுப்புப் பெட்டி எதற்கு?

நிறுவிய துணைகள் எவை என்று பார்க்க, நெமோவின் 'எடிட்' மெனுவில் 'ப்ளகின்ஸ்' திறக்கவும். ஒன்று தொந்தரவு கொடுத்தால் நீக்கவே வேண்டாம், அங்கே குறியை எடுத்துவிட்டால் போதும்.

உபுண்டுவின் இயல்பான மேசைத்தளம் வைத்திருப்பவர்களுக்குக் கோப்பு மேலாளர் நாட்டிலஸ். அதற்கும் நாட்டிலஸ்-இமேஜ்-கன்வர்ட்டர் உண்டு. ஸ்பேஸ் விசை வித்தைக்கு க்னோம்-சுஷி. எக்ஸ்எஃப்சிஇ என்ற மேசைத்தளம் வைத்திருப்பவர்களுக்கு துனார்: துனார்-ஆர்கைவ்-ப்ளகின், துனார்-மீடியா-டேக்ஸ்-ப்ளகின் இரண்டையும் பாருங்கள்.

ஐபோன் படங்கள்

ஐபோன் இயல்பாக ஹெய்க் வடிவில் படம் எடுக்கும். அதைத் திறக்க ஒரு குறிவிலக்கி வேண்டும். சினாப்டிக்கில் ஹெய்ஃப் என்று தேடி, ஹெய்ஃப்-ஜிடிகே-பிக்ஸ்பஃப், ஹெய்ஃப்-தம்ப்நெய்லர் இரண்டையும் நிறுவுங்கள். முதலாவது படக்காட்டிக்கு, இரண்டாவது நெமோவில் சிறுபடம் தெரிய. லிப்டிஇ265 என்ற பெயர் வரும் பொதிதான் உண்மையில் படத்தை அவிழ்ப்பது. அது சேர்ந்து வருகிறதா என்று பட்டியலில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். பருப்புக் குழம்பு வேண்டாம் என்று சொல்லிப் பழகியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

இதற்குப் பிறகும் அக்காவின் கணினியில் படம் திறந்தது, சிறுபடம் மட்டும் தெரியவில்லை. அரைமணி நேரம் தலையைச் சொறிந்தேன். காரணம் எளியது: ஒரு கோப்புக்குச் சிறுபடம் உண்டாக்க முயன்று தோற்றால், கணினி அதைக் குறித்து வைத்துக்கொண்டு மறுபடி முயலாது. நெமோவில் கண்ட்ரோல்-ஹெச் அழுத்தி மறைந்த அடைவுகளைக் காட்டி, உங்கள் வீட்டு அடைவில் புள்ளியில் தொடங்கும் கேஷ், அதற்குள் தம்ப்நெய்ல்ஸ், அதற்குள் ஃபெய்ல் என்ற அடைவை அழித்துவிடுங்கள். அடுத்த முறை திறக்கும்போது புதிதாக முயலும். வீடியோவுக்கும் இதே கதைதான். அதற்குரிய துணை எஃப்எஃப்எம்பெக்தம்ப்நெய்லர்.

படக்காட்டிக்கு எக்ஸ்வியூவர்-ப்ளகின்ஸ் என்ற பொதி உண்டு. எந்தக் கேமரா, என்ன வேகம் என்ற விவரங்களைப் படத்தின் பக்கத்திலேயே காட்டும் துணை அதில் இருக்கிறது. புகைப்பட ஆர்வம் இல்லாவிட்டால் தேவையில்லை.

தமிழ்: எழுத்துரு, உள்ளீடு, லிப்ரேஆஃபிஸ்

முரசு அஞ்சல் பிறந்த ஊர் இது. முத்து நெடுமாறனின் அந்தச் செயலியால் ஒலிப்படி தட்டப் பழகியவர்கள் நம்மில் நிறையப் பேர். தமிழ்ப்பள்ளிகளில் தமிழ்99 விசைப்பலகை பழகியவர்களும் உண்டு. லினக்ஸில் இரண்டு கூட்டத்துக்கும் வழி இருக்கிறது.

பல மொழிகளில் தட்ட உதவும் ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற இரண்டு பொதிகளை நிறுவுங்கள். பிறகு மெனுவில் 'இன்புட் மெத்தட்' திறந்து, 'ஃப்ரேம்வொர்க்' என்ற இடத்தில் ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி உள்நுழையுங்கள். ஐபஸ் அமைப்பில் 'இன்புட் மெத்தட்' தாவலில் 'ஆட்' அழுத்தி, தமிழைத் தேடினால் தமிழ்99, ஃபொனெட்டிக், டைப்ரைட்டர், இன்ஸ்கிரிப்ட் என வரிசையாக வரும். அஞ்சல் பழகியவர்களுக்கு ஃபொனெட்டிக் கிட்டத்தட்ட ஒத்துவரும். ஓரிரு எழுத்தில் விரல் தடுமாறும், ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற வழக்கமாக சூப்பர்-ஸ்பேஸ் (சூப்பர் என்பது விண்டோஸ் சின்னம் உள்ள விசை).

விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ்99 என்று ஒன்று தென்படுமே, அது போதாதா என்று கேட்பீர்கள். அந்த வகை அமைப்பு ஒரு விசைக்கு ஒரு குறி என்ற கணக்கில் ஓடுவது. தமிழ்99-இன் அழகே வேறு: மெய்க்குப் பின் உயிர் விசை தட்டினால் அது உயிர்மெய்யாகும், ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். முன்னால் என்ன தட்டினோம் என்று பார்த்து முடிவெடுக்கும் உள்ளீட்டு முறைக்குத்தான் அது முடியும்.

எழுத்துருவுக்கு மூன்று பொதிகள்: ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர், ஃபான்ட்ஸ்-லோஹித்-தமிழ் (பொதிப் பெயரில் தமிழ் என்பது 'டிஏஎம்எல்' என நான்கெழுத்தாகச் சுருங்கியிருக்கும்), அதே நான்கெழுத்தோடு ஃபான்ட்ஸ்-தமிழ். திரைக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். அச்சுக்கு நோட்டோ செரிஃப் தமிழ். என் ருசி அது.

இப்போது அக்காவின் மூன்றாவது குறை. எழுத்துரு நிறுவியும் லிப்ரேஆஃபிஸ் ரைட்டரில் எழுத்து மாறவில்லை. பட்டையில் எழுத்துருவை மாற்றினாலும் அடுத்த பத்தியில் பழையது எட்டிப் பார்க்கிறது. காரணம், லிப்ரேஆஃபிஸ் தமிழைச் 'சிடிஎல்' என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழுக்கு வேறோர் எழுத்துரு என்று ஒரே பத்திக்கு இரண்டு அமைப்பு உண்டு. 'டூல்ஸ்' மெனுவில் 'ஆப்ஷன்ஸ்' போய், மொழி அமைப்புப் பகுதியில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்ற குறியை இட்டு, பக்கத்தில் தமிழைத் தேருங்கள். அதன் பிறகு 'லிப்ரேஆஃபிஸ் ரைட்டர்' கிளையில் 'பேசிக் ஃபான்ட்ஸ்' என்பதன் சிடிஎல் வகை தோன்றும். அங்கே நோட்டோ செரிஃப் தமிழ், அளவு 11 என்று வைத்துவிட்டால் இனித் திறக்கும் ஒவ்வொரு புது ஆவணமும் அதில்தான் தொடங்கும். அக்கா இதைப் பார்த்துவிட்டு, "இத முன்னாடியே சொல்லிருக்கலாம்ல" என்றார். எனக்கே அன்றுதான் தெரியும்.

மெனுக்களே தமிழில் வேண்டும் என்றால் லிப்ரேஆஃபிஸ்-எல்10என்-டிஏ. மொழிபெயர்ப்பு சில இடங்களில் விறைப்பாக இருக்கும். நான் இரண்டு நாள் வைத்திருந்து எடுத்துவிட்டேன். மாணவர்களுக்குக் காட்டப் பயன்படலாம்.

பழைய பாடத் தாள்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் அது எழுத்துருக் குறை அல்ல. யூனிகோடுக்கு முந்தைய குறியாக்கத்தில் எழுதியவை அவை. எந்தப் பொதியும் அதைத் தானாகச் சரி செய்யாது, குறியாக்கம் மாற்றும் நிரல் ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

காகிதத்தில் இருக்கும் தமிழை எழுத்தாக்க வேண்டுமானால், என் 'புது மென்பொருள் வேண்டாம்' விதியை இங்கேயும் மீறுகிறேன். ஜிஇமேஜ்ரீடர் என்ற நிரல், அதோடு டெசராக்ட்-ஓசிஆர்-டாம். மலாய்த் தாளுக்கு அதே பெயரின் கடைசியில் எம்எஸ்ஏ. நல்ல அச்சுக்கு நன்றாகவே படிக்கிறது. கையெழுத்தில் ஆசை வைக்காதீர்கள்.

மீதி

வீடியோ, பாட்டு எல்லாம் ஓட மின்ட்-மெட்டா-கோடெக்ஸ் ஒன்று போதும், உபுண்டுவில் உபுண்டு-ரெஸ்ட்ரிக்டட்-எக்ஸ்ட்ராஸ். ரிதம்பாக்ஸில் 'ப்ளகின்ஸ்' பட்டியலைத் திறந்து பாருங்கள், பாடல் வரி காட்டும் துணை உட்படப் பாதி ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருக்கும். அதன் வானொலிப் பகுதியில் மின்னல் எஃப்எம் போன்ற நிலையத்தின் ஒலியோடை முகவரியைச் சேர்த்தால் உலாவி திறக்காமலே கேட்கலாம். சுருக்கிய கோப்புகளுக்கு அன்ரார், உனார். பிற மொழிப் பெயருள்ள ஜிப் கோப்பு திறந்ததும் பெயரெல்லாம் கேள்விக்குறியாக வந்தால் உனார் காப்பாற்றும்.

எங்கே சறுக்கும்

ஒரே நிரல் மின்ட் கடையில் 'சிஸ்டம் பேக்கேஜ்' என்றும் 'ஃப்ளாட்பேக்' என்றும் இரண்டு வடிவில் கிடைக்கும். ஃப்ளாட்பேக் தனக்கென்று சுவர் எழுப்பிக்கொண்டு உள்ளே இருப்பது. சினாப்டிக்கில் நிறுவும் துணைகள் அந்தச் சுவரைத் தாண்டிப் போகாது. ரிதம்பாக்ஸுக்குத் துணை போட்டும் மாற்றமே இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இணையத்தில் எங்கோ பார்த்த பிபிஏ களஞ்சியங்களை (வெளியாட்கள் தனியாக நடத்தும் பொதிக் கிடங்குகளை) ஒரு சின்னத் துணைக்காகச் சேர்க்காதீர்கள். அடுத்த மின்ட் பதிப்புக்கு மாறும்போது இடிப்பது பெரும்பாலும் அவைதான்.

ஒரு துணை பிடிக்கவில்லையா? சினாப்டிக்கில் 'மார்க் ஃபார் கம்ப்ளீட் ரிமூவல்'. அதன் பெயர் மறந்துபோனால் 'ஃபைல்' மெனுவில் 'ஹிஸ்டரி' திறந்து பாருங்கள். சினாப்டிக் வழியாக எந்த நாளில் எதைப் போட்டீர்கள் என்று தேதிவாரியாக இருக்கும். நீக்கும் பெட்டியில் சினமன், மின்ட்-மெட்டா என்று தொடங்கும் பெயர் ஏதாவது கூட வந்தால் 'கேன்சல்' அழுத்திவிட்டு, நெமோவின் ப்ளகின்ஸ் பட்டியலில் குறியை மட்டும் எடுத்துவிடுங்கள்.